ஏறுகிற வண்டிக்கு ஒதுங்கியவள்

எங்கள் பள்ளியின் மாடிப்படியில் அவள் இறங்கி வரும்போது கீழிருந்து யாராவது கையில் சுமையோடு ஏறினால், சுவரோடு சுவராக ஒட்டி நின்றுவிடுவாள். தான் நிற்பதோடு விடமாட்டாள். "லோடு வண்டி வருது, ஒதுங்குங்க" என்று பின்னால் வருகிறவர்களையும் கையை நீட்டி நிறுத்துவாள். நோட்டுக் கட்டைத் தூக்கிவரும் மிஸ்ஸாக இருந்தாலும் சரி, தண்ணீர்க் குடத்தோடு வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் சரி. மணி அடித்து நூறு பேர் திமுதிமுவென்று இறங்கும் நேரத்திலும் இது நடக்கும். பின்னால் நிற்பவர்கள் திட்டுவார்கள். அவளுக்கு உறைக்காது. மேலிருந்து வருகிறவர்கள் நிற்க வேண்டும், கீழிருந்து ஏறுகிறவர்கள் போக வேண்டும். அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே சட்டம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மற்ற சட்டங்கள் எதையும் அவள் மதித்து நான் பார்த்ததில்லை. பெரியப்பா இறந்துவிட்டார் என்று விடுதி வார்டனிடம் சொல்லி ஒரே வருஷத்தில் மூன்று முறை ஊருக்குப் போனாள். மூன்றாவது முறை வார்டன், "ஏண்டி, உனக்கு எத்தினி பெரியப்பன்?" என்று கேட்டதற்கு, "மலையில குடும்பம் பெருசுங்க மேடம்" என்று முகம் மாறாமல் சொன்னாளாம். என் வேதியியல் ரெக்கார்டு நோட்டை அப்படியே பார்த்து எழுதுவாள். நான் அடித்துத் திருத்திய இடத்தில் அவளும் அடித்துத் திருத்தியிருப்பாள். என் டிபன் பாக்ஸில் எலுமிச்சை ஊறுகாய் இருந்தால் மதியத்துக்குள் காணாமல் போகும். கேட்டால், "காரம் ஜாஸ்தி, நீ துன்னா வயிறு எரியும்" என்பாள்.

ஆகவே, ஒரு நல்ல பெண்ணைப் பற்றிப் படிக்கப்போகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் அவளைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் வேறு. எனக்கு அவள்மேல் பொறாமை. இருந்தது என்று எழுதலாமா என்று யோசித்தேன். பொய்யாகிவிடும்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டிய ஊர். கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கி, என்னோடு பதினொன்றாம் வகுப்பில் படித்தாள். நான் அந்த ஊரிலேயே கருணாபுரம். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார், அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறாள். அப்பா பக்கத்திலும் அம்மா பக்கத்திலும் பள்ளிக்கூடத்தில் முழுதாக உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

எங்கள் பகுதியில் விஷச் சாராயத்தால் அத்தனை சாவு விழுந்த வருஷம் அது. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் தெருவின் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "உங்க வூட்ல யாராச்சும்...?" என்று இழுப்பார்கள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தெருவின் பெயரை வேறு ஏதாவது ஒரு காரணத்துக்காக நாலு பேர் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் காரணம் நானாக இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

அப்போதுதான் பள்ளிக்கு அந்தப் பெட்டி வந்தது. மோட்டார்கள், சக்கரங்கள், பேட்டரி, இரண்டு குச்சி வைத்த ஒரு ரிமோட். பூட்டினால் செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வண்டி. மாணவர்களுக்கான ரோபோ போட்டி ஒன்றுக்கு எங்கள் பள்ளியும் போகலாம் என்று கம்ப்யூட்டர் மிஸ் சொன்னார். கூடவே வந்த விதிப் புத்தகம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அதை அகராதி வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்து தமிழில் எழுதி எடுத்தவள் நான். அதற்காகத்தான் மிஸ் என்னைக் கேப்டன் ஆக்கினார். யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என் நோட்டைத்தான் பார்க்க வேண்டும். அந்த மூன்று மாதங்கள்தான் என் பள்ளி வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்த காலம்.

அவள் லேப்புக்குள் வந்தது போட்டிக்காக அல்ல. எங்கள் வகுப்பு மின்விசிறி ஓடவில்லை, லேப் விசிறி ஓடியது. பெஞ்சில் தலை சாய்த்துப் படுத்துக்கொண்டு நான் வண்டி ஓட்டிப் பழகுவதை அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோபோ ஓட்டுவதில் ஒரு தொல்லை உண்டு. வண்டி நம்மைவிட்டு விலகிப் போகும்வரை எல்லாம் சரியாக இருக்கும். நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடம் வலமாகிவிடும், வலம் இடமாகிவிடும். மூன்று மாதம் பழகியும் நான் அந்த இடத்தில் தடுமாறுவேன். அன்றும் வண்டியைப் பெஞ்சுக் காலில் போய் இடித்தேன்.

"எத்தினிவாட்டிடி இடிப்ப? குடு இங்க" என்று எழுந்து வந்தாள்.

ரிமோட்டை வாங்கி ஒரு நிமிஷம் குச்சிகளை ஆட்டிப் பார்த்தாள். பிறகு அந்த வண்டியைப் பெஞ்சுக் கால்களுக்கு நடுவில் பின்பக்கமாகவே ஓட்டி, கடைசிப் பெஞ்சைச் சுற்றி, எங்களைப் பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்து என் செருப்பு நுனியில் நிறுத்தினாள். ஓரிடத்திலும் படவில்லை. மிஸ் கைதட்டினார். எனக்கு முகத்தில் சிரிப்பு வரவழைப்பதற்கே சிரமமாக இருந்தது.

யார் ஓட்டுவது என்று மிஸ் பரீட்சை வைத்தார். இரண்டு நிமிஷத்தில் எத்தனை பந்தை எடுத்துக் கூடையில் போடுகிறோம் என்று பார்த்தார். நான் ஆறு, அவள் ஒன்பது. ரிமோட் அவள் கைக்குப் போனது. நான் கேப்டன், அவள் ஓட்டுநர். வீட்டில் அம்மா கேட்டாள், "கேப்டன்னா நீதான ஓட்டுவ?" "அதவிடப் பெரிய வேலம்மா" என்றேன்.

அவளுக்கு அது எப்படி வந்தது என்பதை நான் மலையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பழகுவதற்குச் சரிவுப் பாதை ஒன்று செய்ய எங்களுக்குப் பலகை வேண்டியிருந்தது. "எங்க வூட்ல கீது, வந்தா தூக்கியாரலாம்" என்று அவள் சொன்னதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் போனோம். அவள் அப்பா ஜீப் ஓட்டுகிறவர். கச்சிராயபாளையத்திலிருந்து மேலே ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு போவார், இறங்கும்போது கடுக்காயோ மரவள்ளியோ இருக்கும். அன்று பலகைகளோடு மூவரும் இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் ரேஷன் மூட்டை ஏற்றிய லாரி எதிரே முக்கிக்கொண்டு ஏறி வந்தது.

அவள் அப்பா ஜீப்பை நிறுத்தினார். அவள் வண்டி ஓடும் வேகம் அடங்குவதற்குள் குதித்து இறங்கி, ஜீப்பின் பின்னால் போய், வண்டியைப் பார்த்தபடி நின்றுகொண்டாள். "வா வா வா... ஒன் பக்கம் ஒடி... போதும், நேரா வா" என்று உள்ளங்கையால் ஜீப்பின் முதுகைத் தட்டித் தட்டி, அகலமான இடம் வரும்வரை மேட்டில் பின்னாலேயே ஏற்றினாள். ஒரு பக்கம் பள்ளம். பின்னால் திரும்பி அவளைப் பார்த்தபடி ஓட்டும் அவருக்கு அவளுடைய இடப்பக்கம் வலப்பக்கம் என்பதை யோசிக்க அவளுக்குக் கண நேரம்கூடத் தேவைப்படவில்லை. ஏழு வயதிலிருந்து செய்கிறாளாம். நான் அகராதியில் தேடிக் கற்றதை இவள் ஜீப்புக்குப் பின்னால் நின்று கற்றிருக்கிறாள். அப்பா மகள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை வீணாக்காமல் செய்த அந்த வேலையைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. என் அப்பா வேலை செய்யும் இடத்துக்கு நான் போனதே இல்லை. வரக்கூடாது என்று அவர்தான் சொல்வார்.

லாரி கடக்கும்போது அதன் உடம்பு ஜீப்பின் கண்ணாடியை உரசி உடைத்துவிட்டது. லாரிக்காரர் நிறுத்தித் தலையை நீட்டினார். அவள் அப்பா கையை ஆட்டினார். "போ போ. எறங்கறவன் நானு. எம்மேலதான் தப்பு."

"அவருதானடி வந்து இடிச்சாரு?" என்று அவளிடம் கேட்டேன்.

"யாரு இடிச்சா இன்னா? மேல இருந்து வர்ற வண்டி மேலதான் தப்பு. இங்க அப்டிதான்."

"இது எந்த ஊரு ஞாயம்?"

"இந்த ஊரு ஞாயம்" என்று சொல்லிவிட்டு உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் காலால் ஓரம் தள்ளினாள்.

எங்கள் போட்டியும் மேடு ஏறுகிற போட்டிதான். மரச்சட்டம் போட்ட சதுரக் களம். நடுவில் ஒரே ஒரு சரிவுப் பாதை. அதன் உச்சியில் அணிக்கு ஒன்றாக இரண்டு கூடைகள். தரையில் கிடக்கும் பந்துகளை எடுத்துக்கொண்டு ஏறிக் கூடையில் போட்டுவிட்டு இறங்க வேண்டும். பாதை அகலம் குறைவு. ஒரு வண்டி தாராளமாகப் போகலாம், இரண்டு என்றால் உரசும். எதிரணி வண்டியை மறித்து நிற்கலாம், அது விளையாட்டில் சேர்த்தி. ஆனால் நடுவர் ஐந்து எண்ணுவதற்குள் ஒரு சாண் விலகிவிட வேண்டும். விலகிவிட்டு மறுபடியும் வந்து மறிக்கலாம். தள்ளி விழவைத்தால் அந்த ஆட்டம் போய்விடும். வேண்டுமென்றே தள்ளியது தெரிந்தால் ஆட்டம் போவதோடு, ஓட்டியவர் பெயரைப் போட்டுப் பள்ளிக்குக் கடிதமும் வரும். இதையெல்லாம் நான் நோட்டைப் பார்த்து அணிக்குப் படித்துக் காட்டினேன். அவள் வழக்கம்போல் பெஞ்சில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

மறித்து ஆடினால்தான் ஜெயிக்க முடியும் என்று எனக்குத் தெரியும். பந்து போடுவதில் பணக்காரப் பள்ளிகளின் வண்டி எங்களுடையதைவிட வேகம். நாங்கள் முன்னால் இருக்கும் நேரம் பார்த்துப் பாதையை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். பழகும்போது இன்னொரு பெண்ணை எதிர் வண்டி ஓட்டச் சொல்லி, இவளை மறிக்கச் சொன்னேன். எதிர் வண்டி பந்தோடு ஏறும்போதெல்லாம் இவள் பின்னால் போய் ஓரம் ஒதுங்கினாள்.

"மறிடீ!"

"மறிச்சிக்கினுதான கீறேன்."

"எங்க மறிச்ச? தோட்டத்துக் கேட்டு மாதிரி தொறந்து வுடற."

"லோடோட ஏர்றாடி. நடுவுல நிறுத்துனா பின்னால உருளும்."

"உருளட்டும். அதுக்குத்தான் மறிக்கிறது."

"சரி, மறிக்கிறேன்" என்பாள். அடுத்த முறையும் ஒதுங்குவாள். பிடிவாதம் மாதிரித் தெரியாது. கை தானாகப் போகும். போன பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொள்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் இதே தப்பைச் செய்திருந்தால் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். அவளிடம் எதையும் சிரிப்பாக்கிவிடும் ஏதோ ஒன்று இருந்தது. அதை எந்த நோட்டிலும் எழுதி எடுக்க முடியவில்லை.

மண்டலப் போட்டி விழுப்புரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்தது. அதில் ஜெயிக்கும் ஒரே அணி சென்னைக்குப் போகும். பதினொன்றாம் வகுப்பு என்பதால் எங்களுக்கு அதுதான் ஒரே வாய்ப்பு. அடுத்த வருஷம் பொதுத்தேர்வு, லேப் பக்கமே விடமாட்டார்கள். அவள் ஓட்டி மதியத்துக்குள் நாங்கள் இறுதிக்கு வந்துவிட்டோம். எதிரணி, ஒரே நிறச் சட்டை போட்ட ஒரு தனியார் பள்ளி. அவர்கள் வண்டியை ஓட்டியது கண்ணாடி போட்ட ஒரு பையன். மூன்று ஆட்டம், இரண்டு ஜெயிக்க வேண்டும்.

முதல் ஆட்டத்தில் கடைசிப் பத்து விநாடிவரை சமம். அப்போது எங்கள் வண்டி ஒரு பந்தைப் போட்டு முன்னேறி, உச்சியில் காலியாக நின்றது. அவர்கள் வண்டி இரண்டு பந்தோடு பாதையில் கால் வைத்தது. அவள் அங்கேயே இருந்திருந்தால் போதும். இரண்டு முறை ஐந்து எண்ணினால் நேரம் முடிந்திருக்கும். அவள் வண்டியைப் பின்னால் எடுத்து, உச்சியின் ஓரத்தில் ஒட்டி நிறுத்தி வழிவிட்டாள். அவர்கள் ஏறிப் போட்டார்கள். மணி அடித்தது. அந்தப் பையன் அவளைப் பார்த்துக் கையைத் தூக்கி நன்றி சொன்னான். பார்வையாளர்கள் கைதட்டினார்கள். எங்களைத் தோற்கடித்ததற்காக அவளுக்குக் கைதட்டினார்கள்.

"இன்னாடி பண்ண?" என்றேன்.

"லோடோட வந்தான்டி."

"அவன் எதிரிடி!"

"தெரியும். கை தன்னால பூட்ச்சி."

இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னால் ஓட்டுநரை மாற்றும் உரிமை கேப்டனுக்கு உண்டு. நான் கையை நீட்டினேன். அவள் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு, உதிர்ந்த பந்துகளைப் பொறுக்கிப் போடும் ஆளாகப் போய்ப் பாதையின் பக்கத்தில் நின்றுகொண்டாள். நான் ஆரம்பத்திலேயே ஒரு பந்தைப் போட்டேன். பிறகு இரண்டு நிமிஷமும் பாதையை விட்டு இறங்கவில்லை. மறித்தேன், ஐந்து எண்ணும்போது விலகினேன், மறுபடி மறித்தேன். விதியில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் என் பக்கம் இருந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம், ஜெயித்தோம். யாரும் கைதட்டவில்லை. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பரவாயில்லை என்று இருக்கவில்லை.

மூன்றாவது ஆட்டம். மறிப்பதை எதிர்பார்த்து அவர்களும் வேகமாக ஆடினார்கள். எங்களுக்கு நான்கு, அவர்களுக்கு மூன்று. இருபது விநாடி மிச்சம். நான் உச்சியில், அவர்கள் மூன்று பந்தோடு பாதி வழியில். மறித்தேன். நடுவர் எண்ணினார், விலகினேன். மறுபடி மறித்தேன். அவர் மூன்று எண்ணும்போது அந்தப் பையன் வண்டியைக் கொஞ்சம் சாய்த்து ஓரமாக நுழையப் பார்த்தான். அவன் வண்டியின் ஒரு சக்கரம் பாதையின் விளிம்பில் இருந்தது. அவன் நுழைந்துவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. அவனுக்கும் கைதட்டுவார்கள் என்றும் தோன்றியது.

நான் குச்சியை முன்னால் தள்ளினேன். நக அளவுதான். அவர்கள் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கீழே விழுந்தது. ஒரு சக்கரம் கழன்று, உருண்டுகொண்டே போய் மரச்சட்டத்தில் முட்டி நின்றது.

நடுவர் அந்த நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பாதைக்கு மிக அருகில் நின்றது அவள்தான் என்பதால் அவளிடம் கேட்டார். "நீங்க பக்கத்துல நின்னீங்களேம்மா, உங்க வண்டி தள்ளுச்சா? அது தானா விழுந்துச்சா?"

எனக்குப் பயமே இல்லை. வார்டனிடம் மூன்று பெரியப்பாக்களைக் கொன்றவள். ஒரு பொய் அவளுக்கு ஊறுகாய் மாதிரி.

அவள் அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "நாங்க மேல இருந்தோம் சார். அவங்க லோடோட ஏறினாங்க. எங்க தப்புதான்."

"அத கேக்கலம்மா. தள்ளுனீங்களா?"

"மேல இருந்தவங்க மேலதான் சார் தப்பு."

நடுவர்கள் மூன்று பேர் கூடிப் பேசினார்கள். வேண்டுமென்று செய்ததாக இல்லை, ஆனால் தவறு எங்களுடையது என்று எங்கள் அணியே ஒப்புக்கொண்டுவிட்டது, அதனால் ஆட்டம் அவர்களுக்கு என்று அறிவித்தார்கள். ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும் என்று ஒரு விதி என் நோட்டில் எங்கும் இல்லை. மேலே நிற்பது குற்றம் என்று உலகத்தில் எந்த ரோபோ போட்டியிலும் கிடையாது. அவள் மலைப்பாதைச் சட்டத்தைக் கொண்டுவந்து அந்தக் களத்தில் வைத்துவிட்டாள்.

திரும்பும் வேனில் எல்லாரும் அவள்மேல் பாய்ந்தார்கள்.

"தானா வுழுந்துச்சுன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்தா பூடும்?"

"மெட்ராஸ் போயிருப்போம்டீ. பீச்சாச்சும் பாத்திருப்போம்."

மிஸ்கூட, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிருக்கலாம்ல?" என்றார்.

"வாய் பூட்ச்சி மிஸ்" என்றாள் அவள். சிறிது நேரம் கழித்து முன் சீட்டுப் பெண்ணின் முறுக்குப் பொட்டலத்தில் கைவிட்டாள். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். உளுந்தூர்பேட்டை வந்தது, போனது. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில், கைக்கு வந்த வெற்றியை விட்டுக்கொடுத்த அணி என்று தலைமையாசிரியை சொன்னார். யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவள் படியில் வந்தால் பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கி, "வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று கிண்டல் செய்தார்கள். இனி லேப்புக்கு வர வேண்டாம் என்று மிஸ் அவளிடம் சொல்லிவிட்டார். அவள் சரி என்று சொல்லிவிட்டு வகுப்பில் ஓடாத விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டாள்.

ரிமோட் என் கைக்கு வந்தது. அந்த வருஷ மாவட்டக் கண்காட்சியில் நான்தான் ஓட்டிக் காட்டினேன். செய்தித்தாளில் படம் வந்தது, கருணாபுரத்தைச் சேர்ந்த மாணவி என்று தெருவின் பெயரோடு. அம்மா இரண்டு பிரதி வாங்கி வந்து, "இதுல எதுடி உன் பேரு?" என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. கண்காட்சி அன்றும் வண்டி என்னைப் பார்த்துத் திரும்பியபோது இடதா வலதா என்று ஒரு கணம் தடுமாறினேன். கூட்டத்தின் கடைசியில் அவள் நிற்கிறாளா என்று பார்த்தேன். நின்றுகொண்டிருந்தாள். கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். என்னோடு சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். ஒன்றுமில்லை. தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து என் ரெக்கார்டைப் பார்த்து எழுதினாள். இத்தனை பேச்சையும் ஒருத்தியால் எப்படி மழைத் தண்ணீர் மாதிரி உதறிவிட்டுப் போக முடிகிறது என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு யாராவது முகத்தைச் சுளித்தாலே மூன்று நாளைக்குச் சோறு இறங்காது. அவள் செய்யாத தப்புக்கு அவள் பட்ட பேச்சைப் பார்த்தும் எனக்கு வந்தது இரக்கம் இல்லை. அதைத் தாங்குகிற உடம்பு அவளுக்கு இருக்கிறதே என்ற எரிச்சல்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கடைசிப் பரீட்சை அன்று, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். வெள்ளிமலை பஸ் இன்னும் வரவில்லை. நான் தற்செயலாக வந்ததுபோல் போனேன். வீட்டுக்குப் போக எனக்கு அந்தப் பக்கம் வரவேண்டிய அவசியமே இல்லை.

"அன்னிக்கு நான்தான் தள்ளினேன்" என்றேன்.

"எங்க?"

"மேட்சுல. அவங்க வண்டிய. வேணும்னே."

கடலைத் தோலை ஊதினாள். "தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அப்போலேர்ந்துதான். நான் வண்டியயா பாத்துக்கினு இருந்தேன்? உன் கையத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

"அப்போ ஏன் அப்டி சொன்ன?"

"தள்ளுனான்னு சொன்னா உன் பேரு போட்டு லெட்டர் வரும்னு நீதான படிச்ச."

"நீ தூங்கிக்கினு இருந்த."

"கண்ணத்தான் மூடிக்கினு இருந்தேன்." இன்னொரு கடலையை உடைத்தாள். "லெட்டர் வந்தா நீ ஸ்கூலுக்கே வரமாட்ட. நான் யாரப் பாத்து ரெக்கார்டு எழுதறது?"

"தானா வுழுந்துச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல? நீ சொல்லாத பொய்யா?"

அவள் முகம் முதல் முறையாகக் கொஞ்சம் மாறியது. "அந்தப் பையன் வண்டி சக்கரம் கயண்டு ஓடிக்கினு கீது. அதப் பாத்துக்கினே எப்டிடி சொல்றது?"

"கோவமே வரலியா உனக்கு?"

"வந்துச்சி. நீயே சொல்லுவன்னு பாத்தேன். நீ சொல்லல. அப்பறம் பரீட்ச வந்துருச்சி." பஸ் திரும்பி உள்ளே நுழைந்தது. எழுந்து பாவாடையிலிருந்த தோலைத் தட்டினாள். "வுடு புள்ள. உனக்கு அது வேணும். எனக்கு ஓட்டணும்னா எங்கப்பன் ஜீப்பு கீது."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. இப்போது பொறியியல் படிக்கிறேன். கல்லூரி அணியில் நான்தான் ஓட்டுகிறேன், நன்றாகவே ஓட்டுகிறேன். அவள் அப்பாவின் ஜீப்பை இப்போது அவளே ஓட்டுகிறாள் என்று வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள். அவள் போன் நம்பரையும் வாங்கிக் கொடுத்தாள். கூப்பிட்டு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடலாம். கேட்டால் சிரித்துக்கொண்டே சரி என்பாள், அந்த நிமிஷமே மறந்தும் போவாள். என்னிடம் இல்லாதது எத்தனையோ அவளிடம் இருக்கிறது. என் மன்னிப்பையும் கொண்டுபோய் அவளிடமே சேர்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஆனால் எங்கள் பள்ளியில் அந்த வருஷம் படித்தவர்கள் யாராவது இதைப் படிக்கலாம். படியில் அவளைக் கிண்டல் செய்தவர்கள், வேனில் பாய்ந்தவர்கள், மிஸ், தலைமையாசிரியை. அந்தக் கடைசி ஆட்டத்தை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. குச்சியைத் தள்ளியது நான்.